30 வைத்தால் 24: வீட்டிலேயே செயின் சரிசெய்த ஆறு ஆண்டு அனுபவம்

பைக்கின் செயின் தொய்வை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாமா, அதற்கென்று ஸ்பேனர்கள் வாங்கினால் வீண்போகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, சக்கரத்தின் அச்சான ஆக்சிலைப் பிடித்திருக்கும் அதே நட்டை நான்காவது முறையாகத் தளர்த்திக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். பிறகு சொல்கிறேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன். அந்தப் பதில்தான் இது.

என்னுடையது 150 சிசி வண்டி, 428 அளவு செயின், ஆக்சிலை நகர்த்திச் செயினை இறுக்க இரண்டு பக்கமும் போல்ட் வைத்த அட்ஜஸ்டர். பழைய செயின் 31,000 கி.மீ. உழைத்துவிட்டுப் போன மாதம்தான், அது ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளோடும் சேர்ந்து விடைபெற்றது. புதுச் செயின் தொடக்கத்தில் சற்று வேகமாகவே தொய்யும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் அன்று உட்கார்ந்தேன். ஆறு ஆண்டுகளில் இந்த வேலையை எத்தனை முறை செய்திருப்பேன் என்று எண்ணவில்லை. முதல் முயற்சியிலேயே முடித்து எழுந்த நாட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி நியூட்ரலில் இருக்க, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்து, அசைவு எவ்வளவு என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். என் வண்டியின் கையேடு பக்கவாட்டு ஸ்டாண்டில் நிறுத்தி அளக்கச் சொல்கிறது. 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கலாம் என்கிறது. வண்டிக்கு வண்டி இது மாறும், சிலவற்றை சென்டர் ஸ்டாண்டில் அளக்க வேண்டும், ஆகவே என் எண்ணை நம்பாதீர்கள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, லாக் நட்டுகளை விடுவித்து, இருபுறமும் அட்ஜஸ்டரைச் சம அளவில் திருப்பி, 30 வந்ததும் ஆக்சில் நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது.

முடியாது. முறுக்கிவிட்டு அளந்தால் 24.

முதல் ஓராண்டு இதை என் கைப்பிழை என்றே நினைத்தேன். ஸ்கேலைக்கூட மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆக்சில் நுழையும் துளை நீளவாக்கில் இருக்கிறது. நட்டு தளர்ந்திருக்கும்போது ஆக்சில் அட்ஜஸ்டரோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. முறுக்க முறுக்க அட்ஜஸ்டர் தகடுகள் ஸ்விங் ஆர்மோடு படியும்போது ஆக்சில் தனக்குப் பிடித்த இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது. அது நகர்ந்த தூரம் கண்ணுக்கே தெரியாது. என் அட்ஜஸ்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ.; அறுகோண நட்டை ஒரு பக்க அளவுக்குத் திருப்பினால் ஆக்சில் நகர்வது ஏறத்தாழ 0.2 மி.மீ. அவ்வளவு சிறிய நகர்வு செயினின் நடுவில் பல மில்லிமீட்டராகப் பெருகி நிற்கிறது. துணி உலர்த்தக் கொடி கட்டியவர்களுக்கு இது புதிதல்ல: ஓரத்தில் கயிற்றை ஒரு விரற்கடை இழுத்தால் நடுவில் ஒரு சாண் ஏறிவிடும்.

சரி, ஆறு குறையும் என்று தெரிந்துவிட்டதே, முன்கூட்டியே 36 வைத்துவிடலாம் என்று சாமர்த்தியம் காட்டினேன். அன்று 36 அப்படியே 36 ஆக நின்றது. ஒரே மாதிரி ஏமாற்றினால் பழகிக்கொள்ளலாம். இது நாள் பார்த்து ஏமாற்றுகிறது.

24 இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் கீல், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் சஸ்பென்ஷன் அமுங்கி அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. நிறுத்தி வைத்தபோது இருந்த கொஞ்சநஞ்சத் தொய்வும் அங்கே தீர்ந்துபோனால் இழுவை முழுவதும் முன் ஸ்ப்ராக்கெட் தண்டின் பேரிங்கில் போய் விழும். ஒரு முறை நேரமில்லாமல் ஒரு பணிமனையில் விட்டேன். வீணைத் தந்தி போல விறைப்பாகக் கட்டித் தந்து, இனி நெடுநாளைக்குத் தொய்யாது என்று பெருமையும் பட்டுக்கொண்டார்கள். சில வாரங்களில் முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் ஆயில் கசிந்தது. சீல் வயதானதால் போயிருக்கலாம், இறுக்கத்தால் போயிருக்கலாம், நிரூபிக்க வழியில்லை. நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அதன் பிறகு செயினை யாரையும் தொடவிட்டதில்லை.

நியாயமாகச் சொன்னால், நானே செய்யத் தொடங்கியதால்தான் பழைய செயினின் முடிவை உரிய நேரத்தில் கண்டுகொண்டேன். அதன் கடைசி நாட்களில் ஓரிடத்தில் 25 காட்டும். சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி அளந்தால் 40 காட்டும். செயின் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆகவே சக்கரத்தை முழுதாகச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தபோது பாதிப் பல் வெளியே தெரிந்தது. இனி அட்ஜஸ்டரைத் திருகிப் பயனில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஸ்விங் ஆர்மில் செதுக்கிய கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வண்டியில் இடக் கோடும் வலக் கோடும் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் சமமாக வைத்துவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தால் செயின் லேசாகக் கோணி ஓடுகிறது. கீலிலிருந்து ஆக்சில் வரை இருபுறமும் டேப் பிடித்து அளந்துகொள்கிறேன். டிரம் பிரேக் என்பதால் சக்கரம் பின்னால் போனதும் பிரேக் கம்பியையும் தளர்த்த வேண்டும். ஒருநாள் மறந்து, தெரு முனை வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போனேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: விரல்கள் பத்துதான்.

பிறகு அந்தத் துணித் தந்திரம் வந்து சேர்ந்தது. பழைய துணியை முறுக்கிப் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் இடையில் கொடுத்து, விரலை விலக்கிக்கொண்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினால் துணி சிக்கிக்கொண்டு ஆக்சிலை முன்னோக்கி இழுத்து அட்ஜஸ்டரோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த நிலையில் நட்டை முறுக்கினால் ஆக்சிலுக்கு ஓடிப்போக இடமில்லை. 30 வைத்தேன், 29 நின்றது. அன்று சும்மாவே ஒரு சுற்றுப் போய்வந்தேன். மெதுவாகப் போகும்போது ஸ்விங் ஆர்மில் செயின் அடிக்கும் சத்தமில்லை, வேகத்தில் ஊளையிடவில்லை, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் வெட்டி இழுக்கவில்லை. இந்தச் சுகத்தை எந்தப் பணிமனையும் எனக்குத் தந்ததில்லை.

ஆகவே ஸ்பேனர்களைத் தாராளமாக வாங்கலாம், கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும் என்று நண்பருக்கு எழுதி முடிக்கப் போனேன். அப்போது ஒரு சந்தேகம். கடைசியாக முறுக்கியபோது, போதிய இறுக்கம் வந்ததும் குரல் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் "டிக்" என்றதா? நினைவில்லை. இறங்கிப் போய் மாட்டிப் பார்த்தேன். சொல்லவில்லை; நட்டு இன்னும் கால் சுற்றுப் போன பிறகே சொன்னது. துணியை எப்போதோ உருவிவிட்டிருந்தேன். ஸ்கேலை வைத்தேன்.

22.

வாங்க வேண்டாம், நண்பரே. என்னுடையதை இரவலும் கேட்க வேண்டாம். ஐந்தாவது முறையாக அதே நட்டில் மாட்டியிருக்கிறேன்.