ஏழு ஆண்டு, 77,000 கிலோமீட்டர்: டொமினிக்கா மலைப்பாதையில் என் ஜிம்னி சியரா

2018 மார்ச்சில் இந்தச் சுசுகி ஜிம்னி சியராவை வாங்கியபோது மீட்டரில் 54,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,31,000. இங்கே புதிதாக வேலைக்கு வருகிற நம்ம ஊர்க்காரர்கள் முதல் மாதமே கேட்கிற கேள்வி, "சார், என்ன வண்டி வாங்கலாம்?" என்பதுதான். ஒவ்வொருவரிடமும் துண்டுதுண்டாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஊரைப் பற்றித் தெரிந்தால்தான் வண்டியைப் பற்றிச் சொல்வது புரியும். இது டொமினிக்கா. டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. கரீபியன் கடலில் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவே இருக்கிற சின்னத் தீவு இது. பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் சமதளம் என்று சொல்ல இடமே இல்லை. கடலை விட்டுத் திரும்பினால் உடனே ஏற்றம். மோர்ன் டியாப்ளோத்தின் என்ற சிகரம் 1,447 மீட்டர். வரைபடத்தில் விரல் அளவு தூரம் தெரிவது வண்டியில் ஒரு மணி நேரம் ஆகும். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். அதனால் ஜப்பானில் ஓடிப் பழகிய வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் கப்பலில் வந்து இறங்குகின்றன. ரோடுகளில் பெரும்பாலும் அவைதான்.

நான் நாமக்கல்காரன். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைப் பாதையில் ஓட்டிப் பழகியவன். அந்தத் தைரியத்தோடுதான் வந்தேன். இங்கே முதல் வாரமே புரிந்தது, வளைவு பிரச்சினை இல்லை, ஓரம்தான் பிரச்சினை. எதிரே டயோட்டா ஹையேஸ் பஸ் வரும். ஒதுங்கலாம் என்று பார்த்தால் தார் முடிகிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குச் சிமென்ட் வாய்க்கால். மழைத்தண்ணீர் போவதற்காகக் கட்டியது. மூடி கிடையாது. ஒரு சக்கரம் அதில் இறங்கினால் நாலு பேர் தூக்கினால்தான் வண்டி வெளியே வரும். சில இடங்களில் அந்த வாய்க்கால்கூட இருக்காது, நேராகப் பள்ளத்தாக்கு.

மழையோ, தீவின் உள்மலையில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டரைத் தாண்டும். 2015 ஆகஸ்ட் 27-ஆம் தேதி எரிகா புயல்மழையில் மலைச்சரிவுகள் அப்படியே இறங்கி, பெட்டிட் சவான் என்ற ஊரையே காலி செய்ய வேண்டி வந்தது. 2017 செப்டம்பர் 18 இரவு ஐந்தாம் வகைச் சூறாவளியாக மரியா வந்தது. அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் நான் தலைநகர் ரோசோவில் மருத்துவக் கல்லூரி வேலையில் சேர்ந்தேன். அப்போதும் மலை முழுவதும் இலையில்லாத மரங்கள், கூரையில் நீலத் தார்ப்பாய். பாலம் போன இடங்களில் ஆற்றுக்குள் கல்லைக் கொட்டி வழி போட்டிருந்தார்கள். பெரிய ரோடுகளை அதன்பிறகு நன்றாகவே போட்டுவிட்டார்கள். ஆனால் அவற்றிலிருந்து கிளை பிரிந்து தோட்டங்களுக்கும் உள்ளூர்களுக்கும் ஏறுகிற பாதைகள் இன்றும் பழைய கதைதான்.

வண்டி தேடும்போது மாமாவுக்குப் போன் போட்டேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறையிலேயே ஆயுசைக் கழித்தவர். "கண்ணு, வண்டியப் பாக்காத. அந்த ஊர்ல எந்த வண்டிய அதிகம் பிரிச்சு மேயறாங்கன்னு பாரு. அதுக்குத்தான் ஸ்பேர் கெடைக்கும், அதுக்குத்தான் ஆள் கெடைக்கும்" என்றார். இந்த ஏழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த அத்தனை யோசனையிலும் பெரியது அதுதான்.

இரண்டு சனிக்கிழமை ஒரு மெக்கானிக் ஷெட் முன்னால் நின்று பார்த்தேன். ரேவ்4, எஸ்க்யூடோ, ஹைலக்ஸ், ஜிம்னி. இந்த நான்கும்தான் மாறிமாறி வந்தன. ஹைலக்ஸ் விவசாயிகளின் வண்டி, வாழைத்தாரும் கிழங்கும் ஏற்ற. அதன் நீளம் எனக்குத் தேவையில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. ரேவ்4 சொகுசு, நான்கு கதவு, இடமும் உண்டு. ஆனால் செங்குத்தான ஏற்ற இறக்கத்தில் மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. எஸ்க்யூடோ நல்ல தேர்வுதான். அன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று கிடைத்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். கிடைத்தது 2009 மாடல் ஜிம்னி சியரா. 1.3 லிட்டர் பெட்ரோல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், லாரி மாதிரி தனிச் சேஸிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, லோ ரேஞ்ச். அகலம் 1.6 மீட்டர்தான். விலை 28,000 ஈ.சி. (கிழக்குக் கரீபியன்) டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாகக் கட்டிவைத்த பணம் இது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அகலம் குறைவு என்பதன் அருமை வாங்கிய அன்றே தெரிந்தது. வீட்டுக்கு ஏறும் பாதையில் எதிரே வந்த பிக்கப்புக்கு வழிவிட்டு ஒதுங்கியும், வாய்க்காலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம் இருந்தது. ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதல் எடை என்பதும் பெரிய விஷயம். சிக்கினால் ஆள் தள்ளியே எடுத்துவிடலாம்.

அதற்கு 2019 நவம்பரில் வேலை வந்தது. கிழக்குக் கரையில் காசில் புரூஸிலிருந்து மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. பொன் காஸே போய்ச் சேருமுன், ஒரு வளைவில், பாதி ரோட்டை மறைத்துச் செம்மண் சரிந்து கிடந்தது. பொன் காஸே என்றால் பிரெஞ்சில் உடைந்த பாலம் என்று பொருள். கிழக்கிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் ரோசோவுக்கு வருகிறவர்கள் கடக்க வேண்டிய சந்திப்பு அது. நின்று, நான்கு சக்கர இயக்கப் பொத்தானை அழுத்தினேன். டாஷ்போர்டில் பச்சை விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் சேற்றில் இறக்கிவிட்டேன். பின்சக்கரங்கள் மட்டும் சுழன்றன. வண்டியின் பின்பகுதி மெல்ல, ரொம்ப மெல்ல, வாய்க்கால் பக்கம் நகர்ந்தது. பின்சீட்டில் பையன். "ஏங்க, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று மனைவி என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து நான்கைந்து பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் வெட்டரிவாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓரத்துப் பெரணியையும் வாழைமட்டையையும் வெட்டி டயருக்கு முன்னால் பரப்பினார். மற்றவர்கள் தோள் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டோம். நன்றி சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

காரணம் மறுநாள் தெரிந்தது. இந்த மாடலில் முன்சக்கரங்களை அச்சோடு பூட்டுவது வெற்றிடத்தால், அதாவது காற்றை உறிஞ்சும் மெல்லிய ரப்பர் குழாய்களால். பத்து வயதான ரப்பர் வெடித்திருந்தது. சேறும் உப்புக் காற்றும் பட்டுப்பட்டு, சக்கரத்தின் நடுவில் அந்தப் பூட்டு இருக்கிற ஹப்பின் சீலும் போயிருந்தது. விற்றவர் எல்லாம் சரி பார்த்தாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். நானும் காய்ந்த தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: பொத்தானை அழுத்தி விளக்கு எரிந்தால் போதாது. நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்கள் உண்மையிலேயே சுற்றுகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

நான் கையால் திருகிப் பூட்டும் ஹப்புக்கு மாறிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. மழையில் இறங்கித் திருக வேண்டும், உடை நனையும். ஆனால் பூட்டியதை என் கையாலேயே உணர்கிறேன். மழைக்காலம் முழுவதும் பூட்டியேதான் வைத்திருப்பேன்.

இன்னொன்று, ஆறு. 2018-இல் பாலமில்லாத இடங்களில் தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. சில மாதம் கழித்துப் பின் அச்சின் நடுவே இருக்கிற பல்சக்கரப் பெட்டியின் (டிஃபரென்ஷியல்) ஆயிலைத் திறந்தபோது பால் கலந்த டீ நிறத்தில் வடிந்தது. நீண்ட ஏற்றத்தில் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுவிடும் துளை வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி இஞ்சின் அறை உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம். செலவு மிகக் குறைவு. அதன்பிறகு ஆயில் தேன் நிறத்தில்தான் வருகிறது.

96,000 கிலோமீட்டரில் ஸ்டியரிங் நடுக்கம் வந்தது. மேற்குக் கடற்கரை ரோட்டில் 70 வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தொட்டதும், முறத்தில் அரிசி புடைப்பது போல ஸ்டியரிங் இரண்டு பக்கமும் அடிக்க ஆரம்பித்தது. வேகம் குறைத்ததும் நின்றுவிட்டது. முதலில் ஸ்டியரிங் அதிர்வை அடக்குகிற டேம்பரை மாற்றினேன். இரண்டு மாதம் அடங்கியிருந்து, திரும்ப வந்தது. மாமாவிடம் சொன்னேன். "டேம்பர் நோய மறைக்கும், தீக்காது. கிங் பின் பேரிங்கப் பாரு" என்றார். அவர் சொன்னது சரி. முன்சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணிதான் கிங் பின். இரண்டு முன்சக்கரத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மொத்தம் நான்கு பேரிங். மேலிருந்த சீல் கிழிந்து தண்ணீர் இறங்கி, அவற்றில் துரு குழி போட்டிருந்தது. ஏழு வருஷமாக என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக், பேரிங் மாற்றியதும் மீன்காரரின் ஸ்பிரிங் தராசை வாங்கிவந்து, ஸ்டியரிங் கை மாட்டுகிற இடத்தில் கொக்கியைப் போட்டு இழுத்து, எத்தனை கிலோவில் அசைகிறது என்று பார்த்துத்தான் இறுக்கம் வைத்தார். அதற்கென்று தனிக் கருவி எதுவும் அவரிடம் இல்லை. "டாக், இனி இது என்னைத் தேடி வராது" என்றார். 30,000 கிலோமீட்டர் கழித்துத்தான் திரும்ப மாற்றினேன், அதுவும் சீல் கசிந்ததால்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பொன் காஸேயிலிருந்து ரோசோவுக்கு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், கீழே வந்து சேர்வதற்குள் கருகிய வாசனை வரும். கியரை இரண்டில் போட்டு இஞ்சினைப் பிடிக்கவிடுங்கள். மிகச் செங்குத்தான கிளைப்பாதையில் லோ ரேஞ்ச். பின்சக்கர டிரம்முக்குள் சேறு தங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து கழுவச் சொல்கிறேன்.

துருதான் நிரந்தர எதிரி. வாரம் ஒரு முறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுகிறேன், வருஷம் ஒரு தடவை மெழுகுப்பூச்சு. அப்படியும் கதவுக்குக் கீழே பக்கச் சட்டத்தில் ஒரு முறை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது. இஞ்சினை மட்டும் இதுவரை பிரித்ததே இல்லை. ஆயிலை 5,000-க்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன். ரேடியேட்டர் ஒன்று மாற்றினேன், வயதான பிளாஸ்டிக் மூடி ஏற்றத்தில் விரிசல் விட்டதால். மலையில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். சின்ன இஞ்சின்தானே என்று அதிக மைலேஜை எதிர்பார்த்து வாங்காதீர்கள். அத்தனை ஏற்றத்தையும் அது கூவிக்கொண்டேதான் ஏறுகிறது.

இடவசதி பெரிய குறைதான், சொல்லியாக வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்தால் பின்னால் ஒரு காய்கறிப் பைக்குத்தான் இடம். விமான நிலையத்துக்கு ஆளை அழைக்கப் போனால் சூட்கேஸ் சீட்டில் வரும், ஆள் முன்னால் உட்காருவார். இரண்டே கதவு. என் அம்மா வந்திருந்தபோது பின்சீட்டில் ஏறி இறங்க அவர் பட்ட சிரமத்தைப் பார்த்து, அந்த ஆறு வாரமும் நண்பரின் எஸ்க்யூடோவை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் சேர்ந்த தம்பிக்கு இரண்டு குழந்தைகள், வீடு ரோசோவுக்குள்ளேயே. அவருக்கு ஜிம்னி வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரேவ்4 போதும், அதையும் இங்கே நிறைய பேர் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். "அண்ணா, இதைவிடப் புது மாடல் ஒன்று ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்கலாமே?" என்று கேட்டார். அந்த மாடல் இந்தத் தீவில் எத்தனை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்து, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றார். இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரு ரேவ்4 பார்க்கப் போகிறோம். ஜாக்கியும் டார்ச்சும் என் வண்டியிலேயே இருக்கின்றன.