ஈடர் காலில் வளையம் கிடைத்தால்: ரிப்போர்ட்பேண்ட் சேவை எப்படி?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் சுட்ட ஈடர் என்ற கடல் வாத்தைப் படகில் எடுத்துப் போடும்போது, காலில் ஆய்வாளர்கள் மாட்டிய எண் வளையம் மின்னினால், அடுத்துப் போக வேண்டிய இடம் ரிப்போர்ட்பேண்ட்.கவ் (reportband.gov). 1920-இல் தொடங்கி, இப்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கீழ் இயங்கும் பறவை வளைய ஆய்வகம் நடத்தும் இலவச இணையச் சேவை இது. கனடாவில் மாட்டிய வளையத்தையும் இங்கேயே பதியலாம். படிவம் சில நிமிட வேலைதான். பாதிப் பேர் கோட்டை விடுவது அதற்கு முன்னாலேயே, எண்ணைப் படிக்கும்போது.

எண் இரண்டு பகுதியாக இருக்கும்: முதலில் மூன்று அல்லது நான்கு இலக்கம், பிறகு ஐந்து இலக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் முழு எண். வளைந்த தகடு என்பதால் சுற்றிச் சுற்றித்தான் படிக்க வேண்டும். 3-ஐ 8 என்றும், தலைகீழாகப் பிடித்து 6-ஐ 9 என்றும் எழுதிவிடுவது சாதாரணம். இருவர் தனித்தனியாகப் படித்து எழுதிவைத்து, பிறகு ஒப்பிட்டால் தப்பு அப்போதே பிடிபடும்.

கடல் வாத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஈடர், பாறை அடியில் ஒட்டியிருக்கும் மஸ்ஸல் சிப்பிக்காக நாள் முழுக்க முங்கி எழும் பறவை. உப்புத்தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், பாறை மிச்சத்தைத் தேய்க்கும். அதனால்தான் இவற்றுக்கு எஃகு வளையம் மாட்டுகிறார்கள். பல வருஷம் கடலில் கிடந்த அலுமினிய வளையம் ஓரம் கத்தி மாதிரி மெலிந்து, எண் வெறும் நிழலாக நிற்கும்.

அப்படி ஒன்று வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். மிச்சமிருக்கும் கோடும் போய்விடும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுங்கள். மெல்லிய காகிதத்தைச் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தும் பார்க்கலாம். அப்போதும் தெரியாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எண்ணை அடித்தபோது அழுந்திய உலோகம் அடியில் இன்னும் இருக்கும். அமிலம் தடவினால் அது தனியாகத் தெரியும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். படித்து முடித்ததும் வளையத்தை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது உங்களுடையதுதான், கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். (செத்த பறவையின் வளையத்துக்குத்தான் இது. உயிரோடு சிக்கிய பறவையின் காலில் இருப்பதைக் கழற்றக் கூடாது. எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிட வேண்டும்.)

படிவத்தில் கவனம் வேண்டிய கட்டங்கள் இரண்டு. தேதி என்றால் சுட்ட தேதி, பதியும் தேதி கிடையாது. இடம் என்றால் வாத்து விழுந்த இடம். நிறையப் பேர் படகு இறக்கிய துறையையோ சொந்த ஊரையோ போடுகிறார்கள். தீவுக்கு வெளியே பல மைல் தள்ளிச் சுட்டுவிட்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அந்தப் பதிவின் பாதி மதிப்பு போச்சு. ஜிபிஎஸ்ஸில் அங்கேயே புள்ளி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

பதிலாக மின்னஞ்சலில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் வரும்: எந்த இனம், ஆணா பெண்ணா, எங்கே, எப்போது, யார் மாட்டியது. கையில் ஈடர் இருக்க, சான்றிதழில் வேறு பறவை வந்தால் எண் தப்பு, திரும்பப் படியுங்கள். வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டில் அடைகாக்கும்போது பிடித்த பெட்டைக்கு ‘இந்த ஆண்டில் அல்லது அதற்கு முன்’ பொரித்தது என்றுதான் போடமுடியும். மாட்டியவர் தன் விவரங்களை இன்னும் அனுப்பாமல் இருந்தால் சான்றிதழ் தாமதமாகும். இந்தச் சேவையில் எரிச்சல் தருவது இது ஒன்றுதான். ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம்.

எண்ணோடு அஞ்சல் முகவரி மட்டும் பொறித்த வளையங்கள் இருந்த 1980களின் பிற்பகுதியில், சுட்ட மல்லார்ட் வாத்துகளின் வளையங்களில் மூன்றில் ஒன்றைச் சுற்றியே தகவல் வந்தது. இலவசத் தொலைபேசி எண்ணும் இணைய முகவரியும் பொறிக்க ஆரம்பித்த பிறகு அது 70 சதவீதத்தைத் தாண்டியது. அந்தத் தொலைபேசி எண் இப்போது பதிவு ஏற்பதில்லை. அது பொறித்த பழைய வளையம் கிடைத்தாலும் இணையத்திலேயே போடுங்கள். அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடப்பதையும் ஏற்றுக்கொள்வார்கள்.

பழுப்புப் பெட்டையின் வளையம் என்றால் தள்ளிப்போடவே கூடாது. கறுப்பு வெள்ளை ஆணைத்தான் எல்லோரும் தேடிச் சுடுகிறார்கள். அட்லாண்டிக் பகுதியில் 2022-23 பருவம் முதல் ஒரு நாளைக்கு 4 கடல் வாத்து, அதில் ஈடர் 3, அதிலும் பெட்டை 1 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் பிறந்த தீவுக்கே திரும்பிப் போய் முட்டையிடுவது பெட்டைதான். ஆண் அதன் பின்னால் போகும். எந்தத் தீவின் கூட்டம் எந்தக் கரையில் சுடப்படுகிறது என்ற கேள்விக்கு அந்த ஒற்றைப் பெட்டையின் எண்தான் பதில்.

உரிக்கும்போது முதுகில், வால் பக்கமாக மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கத்தியை மெதுவாக ஓட்டுங்கள். வயிற்றுக்குள் செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். விலை அதிகம், திரும்பக் கொடுக்க வேண்டியது. வளைய எண்ணைப் பதியும்போது குறிப்புக் கட்டத்தில் அதையும் எழுதிவிடுங்கள்.