நடுவில் வெற்றிடமுள்ள தூணுக்கு எது சரி: கார்பன் சுற்றா, கண்ணாடிச் சுற்றா, ஓட்டையை நிரப்புவதா?

கான்கிரீட் தூணைப் பலப்படுத்த வேண்டும் என்றதும் 'கார்பன் ஃபைபர் (மெல்லிய கார்பன் இழைத் துணி) சுற்றிவிடலாம்' என்ற பதில்தான் முதலில் வருகிறது. நடுவில் வெற்றிடம் இல்லாத முழுத்தூணுக்குச் சரி. உயரமான பாலங்களைத் தாங்கும் தூண்களைப் போல நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டியவற்றுக்கு அதே பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பாரம் ஏற ஏற கான்கிரீட் பக்கவாட்டில் உப்பும். சுற்றியிருக்கும் ஃபைபர் அந்த உப்பலைத் தடுத்து உள்நோக்கி அழுத்தும். முழுத்தூணில் இந்த அழுத்தம் மையம் வரை பரவி நிற்கும். ஓட்டையுள்ள தூணில் உள்முகத்துக்கு எதிர்ப்பக்கம் பிடிமானமே இல்லாததால், ஆரத் திசை அழுத்தம் அங்கே போய்ச் சேரும்போது பூஜ்ஜியமாகிவிடும், கான்கிரீட் உள்பக்கமாக உதிர ஆரம்பிக்கும், வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஓட்டை பெரிதாகி சுவர் மெலிய மெலிய நிலைமை இன்னும் மோசம்.

இப்போது கார்பனா கண்ணாடியா என்ற கேள்வி. கார்பன் ஃபைபரின் விறைப்பு சுமார் 230 ஜிகாபாஸ்கல், சாதாரணக் கண்ணாடி ஃபைபருக்குச் சுமார் 72. அதாவது ஒரே தடிமனில் கார்பன் ஒரு அடுக்கு செய்வதைக் கண்ணாடி செய்ய மூன்று அடுக்குக்கு மேல் வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தூணில் 0.167 மி.மீ. கார்பன் அடுக்கு ஒன்று 0.4% நீளும்போது தரும் பக்க அழுத்தம் கிட்டத்தட்ட 0.3 மெகாபாஸ்கல்தான். விட்டம் இரட்டிப்பானால் அதுவும் பாதியாகும். விலை குறைவு, முறிவதற்கு முன் அதிகம் நீளும் என்பவை கண்ணாடியின் பலம். ஈரமும் காரத்தன்மையும், நீண்டகாலம் தொடர்ந்து தாங்கும் இழுவையும் அதன் பலவீனம். கார்பன் இரும்பைத் தொட்டால் இரும்பு வேகமாக அரிக்கும், நடுவே கண்ணாடி அடுக்கு ஒன்று போட்டுவிடுவது நல்லது. எதைச் சுற்றினாலும் ஒட்டுவது எபாக்ஸி என்ற பிசின்தான், வெப்பம் அதிகமானால் அது இளகிவிடும் என்பதால் தீ விபத்துக் கணக்கில் இந்தச் சுற்றை நம்பவே கூடாது.

ஆனால் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் உள்முகத்தின் பிரச்சினை அப்படியே இருக்கிறது. என் பார்வையில் அதுதான் முதல் கேள்வி, ஃபைபர் வகை அதற்கு அப்புறம்.

ஓட்டையை கான்கிரீட்டால் நிரப்பிவிட்டுச் சுற்றினால் கிட்டத்தட்ட முழுத்தூணாகிவிடும், சுற்றின் பயன் முழுசாகக் கிடைக்கும். ஆனால் எடை? உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதி என்றால் நிரப்பிய பிறகு தூணின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். அடித்தளம் அதைத் தாங்க வேண்டும், நிலநடுக்கத்தில் அந்தக் கூடுதல் எடையும் சேர்ந்து ஆடும். உயரமான தூணில் எடையைக் குறைக்கத்தானே ஓட்டையே விட்டார்கள்! அதனால் முழு உயரத்துக்கும் இல்லாமல், வளைவு அதிகம் வரும் அடிப்பகுதியை மட்டும் நிரப்பலாமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல்.

இன்னொரு வழி, உள்ளே இரும்புக் குழாயை இறக்கி, இடைவெளியில் கிரவுட் (இளக்கமான சிமெண்ட் கலவை) ஊற்றுவது. உள்முகத்துக்குப் பிடிமானம் கிடைக்கும், எடையும் அவ்வளவு கூடாது. புதிதாகக் கட்டும் தூணுக்கு இது அருமையான யோசனை, ஏற்கெனவே நிற்கும் தூணுக்குள் குழாயை எந்த வழியாக இறக்குவது என்பதுதான் சிக்கல்.

வெளியே கான்கிரீட் ஜாக்கெட், அதாவது தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் உறை, போடுவது பழைய, நம்பகமான முறை. தூண் தடித்துவிடும், எடையும் ஏறும். இட நெருக்கடி இல்லை, அடித்தளமும் தாங்கும் என்றால் அதை ஒதுக்கத் தேவையில்லை.

சதுரத் தூண் என்றால் சுற்றுவதற்கு முன் மூலைகளை உருட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஃபைபர் அங்கேயே கிழியும். உருட்டினாலும் தட்டையான பக்கங்களின் நடுப்பகுதியில் அழுத்தம் குறைவாகவே இருக்கும். மெல்லிய சுவருள்ள சதுரப் பெட்டித் தூணுக்குச் சுற்று மட்டும் போட்டால் வலிமை பெரிதாக ஏறாது. வெட்டுவிசையை (தூணைக் குறுக்கே வெட்டுவதுபோல் தள்ளும் விசையை) தாங்கும் திறன்தான் கூடும், தூண் சட்டென்று நொறுங்காமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தூணை வளைக்கும் விசையைத் தாங்கும் வலிமை போதவில்லை என்றால் குறுக்கே எத்தனை அடுக்கு சுற்றினாலும் பயன் குறைவு, நெடுக்குவாட்டில் கம்பியோ ஃபைபரோ சேர்த்து அதை அடித்தளத்தில் ஊன்ற வேண்டும்.