சோப், ஜேசன், ஜிஆர்பிசி: கோளாறு வரும்போது எது கைகொடுக்கும்?

சர்வர் ஜாவாவில் இருக்கிறது. அதை அழைப்பது பிஎச்பி, டாட்நெட் அல்லது பைத்தான். தனித்தனியே ஓட்டினால் இரண்டும் ஒழுங்காக ஓடும், சேர்த்துவைத்தால்தான் தகராறு. இந்த இணைப்புக்கு இன்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுபவை மூன்று: எக்ஸ்எம்எல்லில் பேசும் சோப், ஹெச்டிடிபி வழியே போகும் ஜேசன், தரவைப் பைனரியாக அடுக்கும் புரோட்டோபஃப்பை நம்பியிருக்கும் ஜிஆர்பிசி. புதிதாகத் தொடங்கும் வேலை என்றால் என் ஓட்டு ஜேசனுக்கு. ஜிஆர்பிசி வேகமானது, சோப் கனமானது, ஜேசன் எளிது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதில் நேரம் செலவிட வேண்டாம். நான் பார்ப்பது வேறொன்று. அழைப்பு உடைந்துபோனால், உண்மையில் போன பைட்டுகளை இரண்டு அணியும் ஒன்றாக வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இரு வேறு மொழிகளுக்கு இடையில் வரும் பிழை பெரும்பாலும் ஆப்ஜெக்டைப் பைட்டாக மாற்றும் இடத்திலோ, திரும்ப ஆப்ஜெக்டாக்கும் இடத்திலோதான் ஒளிந்திருக்கும். டீபக்கர் அந்த எல்லையோடு நின்றுவிடும். லாகில் பதிவாவதும் மாற்றத்துக்கு முந்தைய ஆப்ஜெக்ட்தான். ஆகவே ‘நாங்கள் சரியாகத்தான் அனுப்பினோம்’ என்று இரு தரப்பும் சொல்லும். அவரவர் லாகின்படி அது உண்மையும்கூட.

ஒப்பிடும் முன் ஒரு பொதுக் கோளாறை ஒதுக்கிவிடலாம். பிரௌசரில் முகவரி திறக்கிறது, ஜாவாவில் மட்டும் சான்றிதழ்ப் பிழை. இதற்கும் சோப்புக்கோ ஜேசனுக்கோ சம்பந்தமில்லை. ஜாவா இயல்பில் தன்னுடைய கேசெர்ட்ஸ் கோப்பை நம்பும், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி செர்டிஃபை தொகுப்பை நம்பும், விண்டோஸில் ஓடும் டாட்நெட் இயங்குதளத்தின் சான்றிதழ்க் கிடங்கைப் பார்க்கும். சர்வர் தன் சான்றிதழை ரூட் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டாலும் பிரௌசர் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஜாவாவும் பைத்தானும் இயல்பில் அப்படிச் செய்யாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ஷோசெர்ட்ஸ் தெரிவோடு ஓட்டி, எத்தனை சான்றிதழ் வருகிறது என்று எண்ணுங்கள். பொதுச் சான்றிதழ் வாங்கிய சர்வர் ஒன்றே ஒன்றை அனுப்பினால் பழுது சர்வரில்தான். சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

இனி சோப். அதன் பலம் டபிள்யூஎஸ்டிஎல்: எந்தப் புலம், எந்த வகை, எது கட்டாயம் என்று ஒப்பந்தமே கோப்பாக வந்துவிடும், கிளையன்ட் கோடையும் அதிலிருந்தே உருவாக்கிக்கொள்ளலாம். பதிப்புக் குழப்பம் எளிதில் பிடிபடும். 1.1இல் கன்டென்ட்-டைப் ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’, சோப்ஆக்‌ஷன் தனி ஹெடர், 1.2இல் கன்டென்ட்-டைப்பே வேறு, ஆக்‌ஷன் அதற்குள்ளேயே போய்விடும். மாறிப்போனால் பெரும்பாலும் 415, அதாவது ‘இந்த உள்ளடக்க வகையை ஏற்க மாட்டேன்’ என்ற ஹெச்டிடிபி பிழை வரும். பிஎச்பியின் சோப்கிளையன்ட் இயல்பில் 1.1 பேசும், டாட்நெட்டின் சேவைக் கட்டமைப்பான டபிள்யூசிஎஃபின் டபிள்யூஎஸ்-ஹெச்டிடிபி பைண்டிங் 1.2 பேசும், முட்டிக்கொள்வது இங்கேதான். சத்தம் போடுகிற பிழை என்பதால் இது நல்ல பிழை.

சத்தமே போடாதவைதான் ஆளைக் கொல்லும். டபிள்யூசிஎஃபின் டேட்டா கான்ட்ராக்ட் சீரியலைசர் புலங்களை இயல்பில் அகரவரிசையில் எதிர்பார்க்கிறது. ஜாவா பக்கத்தில் யாராவது எக்ஸ்எம்எல்லைக் கையால் கட்டி வரிசையை மாற்றி அனுப்பினால், கட்டாயமில்லாத புலம் பிழையின்றி வெறுமையாகப் போய்ச் சேரும். நேம்ஸ்பேஸ் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு கூடினாலும் இதே கதி. டாட்நெட்டில் உருவாக்கிய பழைய பாணிக் கிளையன்டில், கட்டாயமில்லாத எண் புலத்துக்கு மதிப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்திலேயே ‘ஸ்பெசிஃபைடு’ என்று முடியும் பூலியன் புலத்தையும் உண்மை என்று வைக்க வேண்டும், இல்லையேல் அந்த எண் அனுப்பப்படவே மாட்டாது. பிஎச்பி டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை இயல்பில் 86400 விநாடி, அதாவது முழு ஒரு நாள், தற்காலிக நினைவில் வைத்துக்கொள்ளும். சர்வரை மாற்றிய பிறகும் கிளையன்ட் நேற்றைய ஒப்பந்தத்தையே பேசிக்கொண்டிருக்கும். சோப்பும் எழுத்து வடிவம்தானே, படிக்கலாமே என்று கேட்கலாம். படிக்கலாம். ஆனால் இந்தப் பிழைகள் எதுவும் கண்ணுக்குப் பிழையாகத் தெரியாது. ஸ்கீமாவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தால்தான் பிடிபடும்.

ஜேசனிலும் பொறிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அநேகமாக எல்லாமே பைட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பிஎச்பியில் வெற்று அசோசியேட்டிவ் அரேயை ஜேசனாக்கினால் {} வராது, [] வரும்; மேப்பை எதிர்பார்க்கும் ஜாவாவின் ஜாக்சன் லைப்ரரி அங்கேயே விழும். இதன் மறுபக்கமும் உண்டு. அரே-ஃபில்டர் போட்டபின் எண் சாவிகளில் இடைவெளி விழுந்தால், பட்டியலாக இருந்தது ஆப்ஜெக்டாகிவிடும். அரே-வேல்யூஸ் வழியாக ஒருமுறை அனுப்பினால் சரி. பைத்தானின் ஜேசன் தொகுதி ‘எண் அல்ல’ என்ற மதிப்பை இயல்பில் அப்படியே எழுதிவிடும். அது செல்லாத ஜேசன், கண்டிப்பான பார்சர்கள் தள்ளிவிடும். ஜாவாவின் 64-பிட் அடையாள எண் ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் மாறிப்போகலாம், ஆகவே அடையாள எண்களைச் சரமாகவே அனுப்புங்கள். டாட்நெட்டில் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுத்து ஸ்ட்ரீம்ரைட்டரில் எழுதினால் முதலில் மூன்று பைட் பாம் குறி, அதாவது எழுத்துமுறையைச் சொல்லும் முன்குறி, ஒட்டிக்கொள்ளும். பிஎச்பியின் ஜேசன்-டிகோட் அதைத் தொடரியல் பிழை என்று திருப்பிவிடும். இது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியாது, ஹெக்ஸில் பார்க்க வேண்டும்.

தேடும் முறையும் குட்டியானது. முதலில் நடுவில் ஒரு ப்ராக்ஸி, மிட்ம்ப்ராக்ஸியோ ஃபிட்லரோ, வைத்து உண்மையான கோரிக்கையைப் பிடியுங்கள். விண்டோஸில் டாட்நெட் கணினியின் ப்ராக்ஸி அமைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். ஜாவாவுக்கு ப்ராக்ஸியின் முகவரியையும் போர்ட்டையும் சொல்லி, அதன் ரூட் சான்றிதழையும் கேசெர்ட்ஸில் சேர்த்தாக வேண்டும். பிறகு அதே கோரிக்கையைக் கட்டளைவரிக் கருவியான கர்லில் ஓட்டுங்கள். கர்லில் ஓடினால் குற்றவாளி அழைக்கும் லைப்ரரி. கர்லிலும் உடைந்தால் சர்வர் அணிக்கு அந்த ஒரு வரியை அனுப்பினால் போதும், அவர்களுக்கு உங்கள் மொழியே தெரிய வேண்டியதில்லை. கர்லில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கன்டென்ட்-டைப் சொல்லாவிட்டால் அது படிவத் தரவு என்று அனுப்பிவிடும், சர்வர் 415 தரும். கோப்பிலிருந்து அனுப்பும்போது வெறும் டேட்டா தெரிவு வரிமுறிவுகளை நீக்கிவிடும்; டேட்டா-பைனரி தெரிவைப் பயன்படுத்துங்கள். கோரிக்கையின் உள்ளடக்கத்துக்குக் கையொப்பம் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் ஒன்றே போதும், கையொப்பம் பொருந்தாமல் போக.

ஜேசனுக்குக் கட்டாய ஒப்பந்தம் இல்லை என்பது நியாயமான குறை. புலங்களையும் வகைகளையும் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பு எழுதி, சர்வரின் சோதனைகளில் பதில்களை அதோடு ஒத்துப்பார்த்தால் அது பெரிதும் தீரும். ஜாக்சன் 2 இயல்பில் தெரியாத புலத்தைக் கண்டால் பிழை தரும், அதைக் கிளையன்டில் தளர்த்திவிடுங்கள். இல்லையேல் சர்வர் ஒரு புலம் கூட்டிய அன்றே அழைப்பு உடையும்.

ஜிஆர்பிசிக்கு ஒப்பந்தமும் உண்டு, வேகமும் உண்டு. பார்ப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஐந்து பைட் முன்னொட்டு, பிறகு பைனரி. புரோட்டோ கோப்பு இல்லாமல் பொருள் விளங்காது. வெற்றி-தோல்வி ஹெச்டிடிபி குறியீட்டில் வராது, கடைசியில், பதிலின் பின்னால் வரும் ஹெடரான ட்ரெய்லரில் வரும். ஆகவே ப்ராக்ஸி லாகில் எல்லாமே 200 என்று பளிச்சென்று இருக்கும்போதே கிளையன்ட் 14, அதாவது ‘சேவை கிடைக்கவில்லை’ என்று அலறலாம். ட்ரெய்லரைக் கடத்தாத ப்ராக்ஸி நடுவில் இருந்தால் அழைப்பே நடக்காது. பெறும் செய்திக்கு இயல்பு வரம்பு 4 எம்பி. டெட்லைன் வைக்காவிட்டால் இயல்பில் காத்திருப்புக்கு எல்லையே இல்லை. சர்வரில், தன் ஒப்பந்தத்தைத் தானே சொல்லும் ரிஃப்ளெக்‌ஷனைத் திறந்துவைத்து ஜிஆர்பிசி-கர்ல் பயன்படுத்தினால் பாதித் துன்பம் தீரும், ஆனால் மறுபக்கம் வேறு நிறுவனம் என்றால் அதைத் திறக்கச் சொல்லி வாங்குவதே தனி வேலை. இங்கே சொல்வது ஒரு கேள்வி, ஒரு பதில் என்ற அழைப்புக்கு மட்டும். இருபக்க ஸ்ட்ரீமிங் வேண்டும் என்றாலோ, இரண்டு முனையும் ஒரே அணியின் கையில் இருந்தாலோ இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன்.

மறுபக்கம் சோப் மட்டுமே தரும் என்றால் வேறு வழியில்லை, ஆனால் அதை வீடு முழுக்கப் பரவவிட வேண்டாம். அதற்கென்று ஒரே ஒரு சிறிய சேவை எழுதி, உள்ளே மற்றவர்களுக்கு ஜேசன் கொடுங்கள். டபிள்யூஎஸ்டிஎல்லின் நகலை உங்கள் களஞ்சியத்தில் வைத்து, அவர்கள் தளத்தில் இருப்பதோடு தினமும் ஒப்பிடுங்கள். பிஎச்பியில் எழுதினால் ட்ரேஸ் தெரிவைப் போட்டு, கடைசியாகப் போன எக்ஸ்எம்எல்லை, கடவுச்சொற்களை மறைத்துவிட்டு, பிழை வரும்போதெல்லாம் லாகில் சேமியுங்கள். ஒற்றை உறுப்புப் பட்டியலை பிஎச்பி இயல்பில் வெறும் ஆப்ஜெக்டாகச் சுருக்கிவிடும். அதைத் தடுக்கும் சிங்கிள் எலிமென்ட் அரேஸ் தெரிவையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.