பெடல் ஸ்டீல் முழங்கால் லீவர் மாற்றம்: துளைத் தேர்வு அருமை, சரிபார்ப்பில் அவசரம்

பெடல் ஸ்டீல் என்பது கிடையாக வைத்து, மிதிகளாலும் முழங்கால் லீவர்களாலும் கம்பிகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார். இது எம்மன்ஸ் அமைப்பிலுள்ள (மிதிகள், லீவர்களை வரிசைப்படுத்தும் ஒரு முறை) பத்துக் கம்பி ஈ9 (கம்பிகளின் சுருதி அமைப்பு) கருவி. இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளினால் 4, 8ஆம் கம்பிகள் ஈயிலிருந்து எஃப்புக்கு ஏறும். வலப்பக்கம் தள்ளினால் டி ஷார்ப்புக்கு இறங்கும். இவை இரண்டையும் இடம் மாற்றுவதுதான் வேலை.

லீவரின் அசைவைக் கடத்தும் நான்கு இழுகம்பிகளையும் கழற்றி, அவற்றை இழுக்கும் பெல்கிராங்குகளை (தண்டில் பொருத்திய, துளைகளுள்ள சிறு நெம்புகள்) வேலை செய்தவர்கள் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். துளைகளைத் தேர்ந்த விதம் அருமை. இரு கம்பிகளின் தடிமனும் வேறு என்பதால், ஒரே துளையில் மாட்டினால் ஒன்று முந்திக்கொண்டு சுருதியை எட்டிவிடும். தண்டிலிருந்து தள்ளியுள்ள துளை இழுப்பைக் கூட்டும், ஆனால் லீவர் கனக்கும். இங்கே இரண்டும் சேர்ந்தே எஃப்பைத் தொடுகின்றன, கேட்கவே சுகம்.

குறை, இழுகம்பிகளின் முனையில் சுருதியைச் சரிசெய்யும் நைலான் திருகுகளில். ஏற்றும் இழுகம்பிக்குச் சிறிது தளர்வு வேண்டும். இறுக்கிவிட்டதால் சேஞ்சர் விரல் (கம்பியின் முனையை அசைத்துச் சுருதியை மாற்றும் பாகம்) தன் இருப்புக்குத் திரும்பாமல், வெறுங்கம்பி சற்று ஏறியே நிற்கிறது. 8ஆம் கம்பியின் மீட்புச் சுருளும் (இறக்கும் விரலை இருப்புக்கு இழுக்கும் ஸ்பிரிங்) தளர்வு: ஏற்றும்போது இறக்கும் விரல் நழுவுவதால் எஃப் நிலைக்கவில்லை. அதற்காகச் சுருளை அதிகம் இறுக்கினால் இறக்கும் லீவர் கடினமாகும். கால் திருப்பாகத் திருகிப் பார்ப்பதே சரி.

வேலை முடிந்த கருவியைத் திரும்ப வாங்குமுன் ஒவ்வொரு லீவரையும் அழுத்தி விட்டு, வெறுங்கம்பியை ட்யூனரில் பாருங்கள். இழுகம்பிகள் பக்கத்துத் தண்டில் உரசுகின்றனவா என்றும் கவிழ்த்துப் பார்க்கவும்.