நீல சிலிக்கானா, கறுப்பு ரப்பரா? ஆக்டேவியா ஆர்.எஸ். ஹோஸ் அனுபவம்

என் 2006 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினுக்குப் போன வருடம் ஹோஸ்களை மாற்றினேன். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. முதலில் பளபளப்பான நீல சிலிக்கான் கிட். எட்டு மாதம் கழித்து அதில் பாதியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கறுப்பு ரப்பர். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

பூஸ்ட் ஹோஸ்களில், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று போகிற குழாய்களில், பெரிய போட்டி இல்லை. டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினின் காற்று வாசலான த்ராட்டிலுக்கும் சிலிக்கான்தான். 170, 180 டிகிரி சூட்டைத் தாங்கும், பழைய ரப்பர் போல அழுத்தத்தில் உப்பாது. கூலன்ட் ஹோஸுக்கும் அதுவே போதும். சாதாரண ஸ்க்ரூ கிளிப் போட்டால் மட்டும் அதன் பல் சிலிக்கானை அறுத்துவிடும். உள்பக்கம் வழவழப்பான கிளாம்ப் வாங்குங்கள்.

வில்லங்கம் பிரீதர் ஹோஸில் இருக்கிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, எண்ணெய் ஆவியையும் சேர்த்துக்கொண்டு எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸிலிருந்து வெளியேற வேண்டும், அதற்கான வழிதான் பிரீதர் ஹோஸ். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஒரு ஹோஸ், வால்வு கவரிலிருந்து இன்னொன்று. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டின் வேக்கம் (உறிஞ்சும் விசை) அந்த ஆவியை இழுக்கும். பூஸ்ட் ஏறியதும் ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் செக் வால்வு மூடிக்கொள்ளும், டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக்குழாய் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். ஆக, இந்த ஹோஸ்களுக்குள் நாள் முழுக்க சூடான எண்ணெய் ஆவிதான்.

சாதாரண சிலிக்கானுக்கு ஆகாததும் அதுதான். சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. நாலாவது மாதமே ஹோஸின் வெளிப்பக்கம் வியர்த்த மாதிரி பிசுபிசுத்தது. கிளிப்பை இறுக்கினேன், பலனில்லை. எண்ணெய் மூட்டில் கசியவில்லை, ஹோஸின் சுவர் வழியாகவே ஊறி வந்துகொண்டிருந்தது. எட்டாவது மாதம் ஆயில் ஃபில்டர் பக்கத்து ஹோஸ் கொழகொழத்துப் போய், ஐடிலில் வேக்கம் இழுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொண்டது. விற்றவர் "எண்ணெய்க்கும் தாங்கும் சார்" என்றுதான் கொடுத்தார். உள்ளே ஃபுளோரோசிலிக்கான் பூசிய ஹோஸ் என்றால் தாங்கும், என் கிட்டில் அந்தப் பூச்சு இல்லை. அப்புறம் அப்படிப்பட்ட ஒரு துண்டை வால்வு கவரில் போட்டேன். ஆறு மாதமாக வியர்க்கவில்லை, ஆனால் ஆறு மாதத்தை வைத்து சான்றிதழ் கொடுக்க மாட்டேன்.

மற்ற பிரீதர் ஹோஸ்களெல்லாம் இப்போது கறுப்பு நைட்ரைல் ரப்பர். எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. சூடுதான் எதிரி: தொடர்ந்து 100 டிகிரிக்கு மேல் போனால் மெல்ல இறுகி வெடிப்பு விடும். வெடித்தால் காற்றளவு சென்சாரைத் தாண்டிக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடில் ஆடும், எரிபொருளைவிடக் காற்று அதிகம் என்று சொல்லும் பி0171 எரர் கோடு வரும். அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஹோஸை அமுக்கிப் பார்க்கிறேன். மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டால் விரல் முட்டி தோல் உரியும், அது வேறு கதை. விலை குறைவு என்பதால் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது எனக்குப் பாரமில்லை.

ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடித்துவைக்கும் கேட்ச் கேனும் வைத்திருக்கிறேன், மிச்ச ஆவியைத் திரும்ப டர்போவுக்கே அனுப்பும் மூடிய வகை. திறந்து விட்டால் சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் வாடை கேபினுக்குள் வரும். கோவையில் ஓட்டும்போது கேனில் ஒன்றிரண்டு ஸ்பூன் கறுப்பு எண்ணெய்தான் சேரும். டிசம்பரில் ஊட்டி போய் வந்தபோது குளிரில் ஈரமும் எண்ணெயும் கலந்து பால் கலந்த காபி மாதிரி ஒரு குழம்பு. காலி செய்யச் சோம்பல்படுகிறவர்கள் கேன் வைக்கவே வேண்டாம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் பக்கம் நான் இந்தக் காரைக் கொண்டுபோனதில்லை, அங்கே ஓட்டுகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

எதை வாங்கினாலும் முதலில் செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். என்னுடையதில் இரண்டு பக்கமும் போனது. பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கி, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் அடிக்கடி மேலே எழும்பியதற்குக் காரணம் அதுதான். நான் அதுவரை டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.