110 செ.மீ. என்று போட்டு 80 அனுப்புகிறார்கள்: மலிவு ரிஃப்ளெக்டர் வாங்குவோர் கவனத்துக்கு

ஆன்லைனில் போட்டிருந்தது 110 செ.மீ., 5 இன் 1 ரிஃப்ளெக்டர்: படமெடுக்கும்போது வெளிச்சத்தை முகத்தின் நிழல் பக்கம் திருப்பிவிடும் மடக்குத் துணி வட்டம், வெள்ளி, தங்கம், வெள்ளை என ஐந்து விதத் துணியோடு. வந்ததை விரித்து டேப் வைத்தால் 80. விற்றவரிடம் கேட்டால், "பையைப் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." 30 செ.மீ.தானே என்று விட முடியாது, பரப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. முகத்தை மட்டும் எடுக்கலாம். இடுப்புவரை எடுத்தால் வெளிச்சம் மார்போடு நின்றுவிடும்.

இந்த ஏமாற்றைப் பிரிக்காமலே பிடிக்கலாம். வட்ட ரிஃப்ளெக்டர் மூன்று வளையமாக மடங்கும், அதனால் பையின் அகலம் விரித்த அளவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 110-க்கு 40 செ.மீ. ஒட்டி வர வேண்டும். 30-தான் இருக்கிறதா? அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

அளவைவிட மோசம், துணியின் நிறம். வெண்மை கூட்டும் ரசாயனம் ஏற்றிய மலிவுத் துணி, வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பிவிடும். நிழல் பக்கக் கன்னம் மட்டும் நீலமடித்து வெளிறிப் போகும். ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமன் அமைப்பு) மாற்றினால் அந்தக் கன்னம் சரியாகும், வெயில் பக்கம் மஞ்சளடிக்கும். ஒரு முகத்தில் இரண்டு நிறம் இருந்தால் எடிட்டிங்கில் எந்த ஸ்லைடரும் உதவாது. தங்க நிறப் பக்கத்திலும் இதே சிக்கல்தான், ஆரஞ்சாக. (நல்ல கம்பெனி சரக்கானாலும் தங்கத்தைத் தோலுக்குத் தவிர்ப்பதே மேல்.)

டிஃப்யூசரை, அதாவது வெயிலை வடிகட்டி மென்மையாக்கும் மெல்லிய வெள்ளைத் துணியைச் சோதிக்க, ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் பூட்டி, கிரே கார்டை (நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) நேர் வெயிலில் ஒரு படம், டிஃப்யூசர் நிழலில் ஒரு படம் எடுங்கள். நிறம் மாறாமல் 1 முதல் 1.5 ஸ்டாப் வெளிச்சம் குறைய வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அரை ஸ்டாப்தான் குறைகிறதென்றால் துணி சல்லடை, மூக்கு நிழலின் விளிம்பு கத்தி மாதிரி அப்படியே இருக்கும்.

வெள்ளிப் பூச்சு மடிப்பு விழும் இடத்தில்தான் முதலில் உரியும், அங்கே நகத்தால் சுரண்டிப் பாருங்கள். விளிம்புத் தையலை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். எஃகு வளையத்தின் இரு முனைகளும் ஒரு சிறு குழாய்க்குள் இணைந்திருக்கும். அது ஆடினால் பயன்படுத்தவே வேண்டாம். முனை கழன்று துணியைக் கிழித்து வெளியே வரும், முகத்துக்கு ஓரடி தூரத்தில்.

பணம் திரும்பும்வரை வெள்ளைத் தெர்மோகோல் அட்டை போதும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், முக உயரத்தில், 2 அடி தள்ளி நிறுத்துங்கள், கீழிருந்து வேண்டாம்.